நாளைக் காலையில் வந்து சொல்



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்திருக்கிறேன். எழுதியவர் இரண்டு பிள்ளைகளின் அம்மா. பதினோரு வருடம் கழித்து, குரூப் 4 தேர்வுக்காகப் புத்தகத்தைத் திறந்திருக்கிறார். "காலையில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு இரண்டு மணி நேரம் படிக்கிறேன். சாயங்காலம் யோசித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. சாம்பாரில் போட்ட உப்பு மாதிரி கரைந்துபோகிறது. என் மூளை துருப்பிடித்துவிட்டதா அம்மா?" என்று கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் எழுதிப் போட்டேன். அது போதாது என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. ஆகவே இந்த மாதப் பக்கம் அவருக்கு. அதே கேள்வியை வாய்விட்டுக் கேட்காமல் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும்தான்.

துரு பற்றிய சந்தேகம் போன வருடம் எனக்கே வந்தது. அந்தக் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

கீழடி அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். மதுரைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2023இல் திறந்த நாளிலிருந்து போகவேண்டும், போகவேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. எழுத்து கீறிய பானை ஓடுகளை வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒரு சிறுமி நின்றிருந்தாள். ஏழாவதோ எட்டாவதோ படிப்பவளாக இருக்கும். விரலால் காற்றில் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, "ஆ... த... ன்... ஆதன் ப்பா!" என்று அப்பாவிடம் வாசித்துக் காட்டினாள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் வாழ்ந்த ஒருவர் பெயரை, தெருமுனைக் கடையின் பெயர்ப்பலகையை வாசிக்கிற மாதிரி அத்தனை சாதாரணமாக. எழுத்தை வைத்தே முப்பது வருடமாகச் சோறு தின்கிற நான், பக்கத்தில் நின்று விளக்கக் குறிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பியதும் முதல் வேலையாகத் தமிழ்ப் பிராமி எழுத்து அட்டவணை ஒன்றை அச்செடுத்து, மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டினேன். தமிழி என்றும் அந்த எழுத்தைச் சொல்கிறோம். தினமும் காபி குடிக்கும்போது பத்து நிமிடம் அதைப் பார்ப்பேன். கூட்டல் குறி மாதிரி இருப்பது க. நங்கூரம் மாதிரி இருப்பது ய. வட்டத்தின் தலையில் ஒரு குச்சி நட்டால் வ. ஒரு மாதம் போனது. அட்டவணையில் எந்த எழுத்தைப் பார்த்தாலும் 'ஆமாம், இது தெரியுமே' என்று தலை தானாக ஆடியது. அடுத்த முறை கீழடியில் நானும் வாசிப்பேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் தம்பி மகள் விடுமுறைக்கு வந்தாள். மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறவள். என் பெருமையைக் கேட்டுவிட்டு, எழுந்துபோய் அட்டவணையின் மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டாள். ஒரு தாளைக் கொடுத்து, பதினெட்டு மெய்யெழுத்தையும் எழுதச் சொன்னாள். ஏழு எழுதினேன். அதிலும் ஒன்று தப்பு.

"தினமும் பாத்தீங்கதானே அத்தை?"

"பார்த்தேனே! ஒரு நாள் விடாமல் பார்த்தேன்."

"அதான். பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க. உங்கள யாரும் கேக்கவே இல்ல."

இந்தப் பக்கத்தில் நான் சொல்லவிருப்பது முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். மற்றதெல்லாம் அதற்கு உரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலமே என் கணினியில் ஆன்கி என்கிற நிரலை இறக்கிக் கொடுத்தாள். 'அங்கி' என்று எழுதிவிடாதீர்கள், உடுப்பாகிவிடும். ஜப்பானிய மொழியில் ஆன்கி என்றால் மனப்பாடம். டேமியன் எல்ம்ஸ் என்கிற ஆஸ்திரேலியர், தான் ஜப்பானிய மொழி கற்றுக்கொள்வதற்காக 2006இல் எழுதிய நிரல் அது. கணினிக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கும் இலவசம்; ஐபோனில் மட்டும் விலை உண்டு. இதே பெயரைச் சாயலாக வைத்துக்கொண்ட வேறு செயலிகளும் உலவுகின்றன, காசு கட்டுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்ப்பதற்கு அழகான நிரல் என்று சொல்லமாட்டேன். வண்ணமில்லை, பொம்மை துள்ளி வந்து கைதட்டுவதில்லை. ஒரு வெள்ளைப் பக்கம், அதில் ஒரு கேள்வி, கீழே 'விடையைக் காட்டு' என்கிற ஒரு பொத்தான். அவ்வளவுதான். பால்வாடியில் ஒரு பக்கம் மாம்பழப் படமும் மறுபக்கம் பெயருமாக ஃபிளாஷ் கார்டு காட்டுவார்களே, அதேதான். அட்டையின் முன்பக்கத்தைக் காட்டும். விடையை நாம் மனசுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். பிறகு திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்பியதும் நான்கு பொத்தான்கள் வரும்: மறந்துவிட்டது, கஷ்டப்பட்டேன், தெரிந்தது, மிக எளிது. நாமே நமக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். பொய் சொல்ல இடமிருக்கிறது. ஆனால் யாரை ஏமாற்ற?

நாம் போடும் மதிப்பெண்ணை வைத்து அந்த அட்டையை அடுத்து எப்போது காட்டுவது என்று நிரல் கணக்குப் போடுகிறது. அதன் உயிர் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. தெரிந்ததைத் தள்ளிவைக்கும். தெரியாததைச் சீக்கிரம் திரும்பக் கொண்டுவரும். நூறு அட்டை இருந்தாலும் இன்று எந்தப் பன்னிரண்டைப் பார்க்க வேண்டும் என்ற தலைவலி நமக்குக் கிடையாது.

இந்தக் கணக்குக்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. ஜெர்மனியில் ஹெர்மான் எபிங்ஹவுஸ் என்றொரு உளவியலாளர் இருந்தார். பரிசோதனைக்கு ஆள் தேடாமல் தன்னையே எடுத்துக்கொண்டார். அர்த்தமே இல்லாத அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்வது. சில நிமிடம், சில மணி, சில நாள் கழித்து அதே வரிசையைத் திரும்ப மனப்பாடம் செய்வது. முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று குறித்துவைப்பது. வருடக்கணக்கில் இதைச் செய்து 1885இல் புத்தகமாக வெளியிட்டார். ஒரே நாள் கழிந்த பிறகு, முதலில் பட்ட பாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிச்சமாகியிருந்தது. ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு. கவனித்தீர்களா? பெரிய சரிவு முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மெல்ல மெல்லத்தான் இறங்குகிறது. சாம்பாரில் உப்புக் கரைகிறது என்று எழுதிய சகோதரிக்கு இதைத்தான் முதலில் சொல்ல ஆசைப்படுகிறேன். காலையில் படித்தது சாயங்காலம் காணாமல் போவது துருவினால் அல்ல. மனித மண்டை அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஜெர்மன் பேராசிரியருக்கும் அதே கதிதான்.

மறதி இந்த வேகத்தில் ஓடுமென்றால், அது முழுதாக ஓடி மறைவதற்கு முன் வாசலில் நின்று மறித்தால் என்ன? 1972இல் செபாஸ்டியன் லைட்னர் என்கிற அறிவியல் பத்திரிகையாளர் (நம் தொழில்காரர்!) ஜெர்மன் மொழியில் எழுதிய ஒரு புத்தகத்தில் இதற்கு ஒரு பெட்டி வழியைச் சொன்னார். பெட்டியில் வரிசையாக அறைகள். புது அட்டை முதல் அறையில் இருக்கும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும். தப்பாகச் சொன்னால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பிவிடும். பரமபதம் ஆடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்னறையை அடிக்கடி பார்ப்போம், பின்னறையை எப்போதாவது.

இடைவெளி விட்டுக் கேட்கும் யோசனையைக் கணினிக்குக் கொண்டுவந்தவர் போலந்து நாட்டு மாணவர் பியோட்டர் வோஸ்னியாக். 1985இல் தாளில் கணக்கெழுதித் தன் மறதியை அளந்தார். 1987இல் நிரலாக எழுதினார். அவர் போட்ட கணக்கைக் கேட்டால் நம்பமாட்டீர்கள், அத்தனை எளிது. சரியாகச் சொன்ன அட்டை முதலில் 1 நாள் கழித்து வரும். அடுத்து 6 நாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் முந்தைய இடைவெளியைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு: 15 நாள், 38 நாள், 94 நாள். கூட்டிப் பாருங்கள். ஐந்தே ஐந்து தடவை கேட்டால் ஐந்து மாதத்துக்கு ஒரு விஷயம் கையில் நிற்கிறது. ஆன்கி தொடங்கியதும் இந்தக் கணக்கின் மேல்தான். இப்போது அதைவிட நுட்பமான கணக்கும் அதில் சேர்ந்திருக்கிறது. நாம் அந்தப் பக்கமே போகவேண்டியதில்லை.

இடைவெளி பாதிக் கதை. 'கேட்பது' மறுபாதி. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையைத் தேர்வு எழுதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லவேண்டும். மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதையே இன்னொரு முறை படித்தார்கள். மறுசாரார் தாளை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தால் திரும்பப் படித்தவர்கள் 81 சதவீதம், மூடிவைத்து எழுதியவர்கள் 75. படித்தவர்களுக்கே வெற்றி! ஆனால் தேர்வை ஒரு வாரம் கழித்து வைத்தபோது முன்னவர்கள் 42க்கு இறங்கிவிட்டார்கள். பின்னவர்கள் 56இல் நின்றார்கள். தேர்வறை வாசலில் நின்று கடைசி நிமிடம்வரை புரட்டும் பிள்ளைக்கு அன்றைய மதிப்பெண் வந்துவிடலாம். அடுத்த வருடத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

இரண்டு வருடம் கழித்து அவர்களே சுவாஹிலி மொழிச் சொற்கள் நாற்பதை வைத்து இன்னொன்று செய்தார்கள். கற்ற பிறகும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்தும் ஏறக்குறைய 80 சதவீதச் சொற்கள் நினைவிருந்தன. கேட்பதை நிறுத்திவிட்டு வெறுமனே படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. எனக்கு உறைத்த செய்தி வேறு. 'ஒரு வாரம் கழித்து எத்தனை நினைவிருக்கும்?' என்று முன்கூட்டியே கேட்டபோது, எல்லாச் சாராரும் ஒரே மாதிரி 'பாதி' என்றார்களாம். எது தன்னிடம் தங்கும், எது தங்காது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சுவரில் ஒட்டிய அட்டவணையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்த என் முகம் அங்கே தெரிந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு. பார்க்காமல் எடுத்துத் தருவது வேறு. கல்யாண வீட்டில் ஒருவரைப் பார்த்ததும் 'நம்ம ஆள்' என்று சிரிக்கிறோம். பெயர் கேட்டால் முழிக்கிறோமே, அதுதான்.

சரி, என் அட்டைகளுக்கு வருகிறேன்.

முதல் அட்டைக் கட்டை நானே செய்தேன். எழுத்துகளை வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து, போனில் படம் பிடித்து, முன்பக்கத்தில் போட்டேன். பின்பக்கத்தில் இன்றைய எழுத்து. இன்னொரு கட்டு இதற்குத் தலைகீழ்: முன்பக்கத்தில் 'ம', பின்பக்கத்தில் கொம்பு வைத்த வட்டம். வாசிக்க ஒரு கட்டு, எழுத ஒரு கட்டு. இரண்டாவதுதான் என்னைப் படாதபாடு படுத்தியது. தலைகீழாக நிற்கும் ஆங்கில 'டி' போல இருப்பது ந. ரயில் தண்டவாளத்தைக் குறுக்கே அறுத்தது போல மேலும் கீழும் கோடு போட்டு நிற்பது ண. பார்க்கும்போது சந்தேகமே வராது. எழுதச் சொன்னால் மேல்கோடு உண்டா இல்லையா என்று கை நடுவழியில் நிற்கும். நிரல் இதைக் கண்டுகொண்டது. எத்தனை தடவை தப்பு போட்டேனோ அத்தனை தடவை ண என் முன்னால் வந்து நின்றது. க ஒரு வாரத்தில் கண்காணாத தூரம் போய்விட்டது. முக்கோணமாக இருக்கும் எ, மூன்று புள்ளியாக இருக்கும் இ, அவையும் போய்விட்டன. தெரிந்ததையே திரும்பப் படித்துத் திருப்திப்பட்டுக்கொள்ளும் என் பழைய வழக்கத்துக்கு அங்கே வழியே இல்லை.

அட்டை செய்கிற வேலையே பாதிப் படிப்பு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தண்டவாளம் என்ற உவமை எந்தப் புத்தகத்திலும் இல்லை; ணவை மறந்து மறந்து எரிச்சலில் நானே கண்டுபிடித்தது. அது ஒட்டிக்கொண்டது. யாரோ செய்த ஆயிரம் அட்டைக் கட்டை இறக்கிக்கொள்ளும் வசதி உண்டு. என் மருமகள் படிக்கிற மருத்துவம் போன்ற கடலில், ஊர் உலகத்து மாணவர்கள் சேர்ந்து செய்த கட்டுகள் அவளுக்குப் பயன்படுகின்றன. நமக்குத் தொடக்கத்தில் சொந்தச் சமையல்தான் செரிக்கும்.

ஓர் அட்டைக்கு ஒரு விஷயம் என்பதையும் தப்புச் செய்துதான் கற்றேன். எழுத்து முடிந்ததும் கல்வெட்டுகள் பக்கம் ஆசை திரும்பியது. 'மாங்குளம் கல்வெட்டுகளைப் பற்றி விளக்குக' என்று ஓர் அட்டை போட்டேன். பின்பக்கம் ஒரு பக்க விடை. ஒவ்வொரு தடவையும் பாதி சொல்வேன், பாதி விடுவேன். சரியா தப்பா என்று எனக்கே தெரியாது. மருமகள் அதை உடைத்துக் கொடுத்தாள். மாங்குளம் கல்வெட்டுகளை 1882இல் கண்டறிந்தவர்? ராபர்ட் சீவெல். அதில் வரும் பாண்டியன் பெயர்? நெடுஞ்செழியன். இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ் என்று 1924இல் எடுத்துக்காட்டியவர்? கே.வி. சுப்பிரமணிய அய்யர். 2003இல் இவற்றையெல்லாம் திரட்டிப் பெருநூலாகத் தந்தவர்? ஐராவதம் மகாதேவன், 'தினமணி' ஆசிரியராகவும் இருந்தவர். நான்கு அட்டை, ஒவ்வொன்றுக்கும் ஒரே மூச்சில் பதில்.

குரூப் 4 சகோதரியே, உங்கள் பாடத்திலும் அப்படியே. 'கல்வி உரிமை பற்றிக் குறிப்பு வரைக' என்று அட்டை போடாதீர்கள். எந்தச் சட்டப்பிரிவு? 21ஏ. எந்தத் திருத்தம் அதைச் சேர்த்தது? 86ஆவது. எந்த ஆண்டுத் திருத்தம்? 2002. சட்டம் நடைமுறைக்கு வந்தது? 2010 ஏப்ரல் 1. எந்த வயதுக் குழந்தைகளுக்கு? 6 முதல் 14 வரை. ஐந்து அட்டை. நோட்பேடில் ஒரு வரிக்கு ஒரு கேள்வி, ஒரு டேப் இடைவெளி, பதில் என்று தட்டி வைத்தால், மொத்த வரிகளையும் ஒரே தடவையில் அட்டைகளாக மாற்றிக்கொள்ளும். தமிழ் யூனிகோடில் தட்டலாம். ஒரு சிக்கலும் இல்லை. கணினி இல்லையென்றால் போனே போதும். போனும் பிள்ளைகள் கையில்தான் என்றால், பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, ஐந்து தீப்பெட்டி மூடிகளில் லைட்னர் பெட்டி செய்துகொள்ளுங்கள். கணக்கு அதேதான்.

என் சறுக்கலையும் சொல்லவேண்டும். இரண்டாவது வாரம் உற்சாகம் தலைக்கேறி, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அறுபது அட்டை சேர்த்தேன். மறுநாளிலிருந்து அவை திரும்பி வரத் தொடங்கின. இதழ் அச்சுக்குப் போகும் வாரம் வேறு; நாலு நாள் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் திறந்தால் நூற்று நாற்பத்து மூன்று அட்டை காத்திருக்கிறது. மூடிவிட்டேன். பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. கடன்காரனைக் கண்டு சந்து மாறி நடக்கிற மாதிரிதான். கடைசியில் மருமகளிடம் போனில் ஒப்புக்கொண்டேன். "புதுசா ஒண்ணும் சேக்காதீங்க அத்தை. பழசுல தினம் முப்பது மட்டும் பாருங்க, மீதி எங்கயும் ஓடிடாது" என்றாள். ஒரு வாரத்தில் கடன் அடைந்தது. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து புது அட்டைதான். நிரல் தானாக இருபது வரை அனுமதிக்கும். அமைப்பில் போய்க் குறைத்துக்கொண்டேன். காபி ஆறுவதற்குள் முடிகிற அளவு. படிப்பு நீடிக்க வேண்டுமானால் அது அன்றாட வேலைகளுக்கு நடுவில் பல் தேய்ப்பது மாதிரி இடம் பிடிக்க வேண்டும். விரதம் மாதிரி இருந்தால் முறிந்துவிடும்.

இன்னொரு ஆசையிலிருந்தும் தப்பிக்க வேண்டும்: அலங்காரம். அட்டைக்கு வண்ணம், எழுத்துருவுக்கு நிழல், கூடுதல் துணைநிரல்கள், யார் எத்தனை நாள் தொடர்ந்து படித்தார்கள் என்ற வரைபடம். நானே இரண்டு சாயங்காலங்களை அதில் தொலைத்தேன். பேனாவுக்கு மை மாற்றிக்கொண்டே இருந்தவன் கட்டுரை எழுதவில்லை என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய கிண்டல் உண்டு. எளிய நிரலை எளிமையாகவே விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தில்லை. எழுத்துகளெல்லாம் கைவந்த பிறகும் ஓட்டில் கீறியதை வாசிக்க நான் தடுமாறினேன். பழைய எழுத்தில் மெய்யின் தலைக்குப் புள்ளி கிடையாது. ஒரு 'த' தனித்து நிற்கிறதா, அகரம் ஏறி நிற்கிறதா என்பதைச் சொல்லின் போக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு அட்டை போட முடியாது. நூறு பெயர்களைத் தட்டுத்தடுமாறி வாசித்துப் பழக வேண்டும், தெரிந்தவர் பக்கத்தில் உட்கார வேண்டும். கணக்கும் அப்படி, கவிதையும் அப்படி. புரியாததை மனப்பாடம் செய்ய உட்காராதே என்பதை வோஸ்னியாக்கே தன் விதிகளில் முதலாவதாக வைத்திருக்கிறார். அட்டை களஞ்சியம் மாதிரி. விளைச்சலைக் காப்பாற்றும், உழுது தராது.

நம் ஊருக்கு இதெல்லாம் புதுசா என்றால், இல்லை. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் மாணவன் பாடம் பயிலும் முறையைச் சொல்லிக்கொண்டு வருகிறார். கேட்டதை நினைத்துப் பார்ப்பது, பிறரைக் கேள்வி கேட்பது, தன்னைக் கேட்டதற்கு விடை சொல்வது, எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஒருமுறை கேட்பதற்கும் இருமுறை, மும்முறை கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தையும் படிப்படியாகப் பிரித்துச் சொல்கிறார். நடுவில் எங்கேயோ நாம் 'கேள்' என்பதை விட்டுவிட்டு 'படி' 'படி' என்று மட்டும் பிள்ளைகளை விரட்டத் தொடங்கிவிட்டோம்.

உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் திண்ணைப் பள்ளிக்கூடத்து நாட்களைச் சொல்லும்போது ஒரு வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். மாலையில் பள்ளி விடும் நேரத்தில் உபாத்தியாயர் பிள்ளைகளுக்குப் பூ, ஊர் என்று ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவார். இரவு கடந்து, மறுநாள் காலையில் வந்து அதைச் சொல்ல வேண்டும். எபிங்ஹவுஸின் கணக்கை வரைபடமாகப் போட்டால், பெரிய சரிவு அந்த முதல் இரவுக்குள்தான் விழுகிறது. வரைபடத்தைப் பார்க்காமலே திண்ணை வாத்தியாருக்கு அது தெரிந்திருக்கிறது.

என் ண இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். போன வாரம் காபி நேரத்தில் வந்தது. தண்டவாளத்தைத் தயங்காமல் வரைந்தேன். 'தெரிந்தது' பொத்தானின் மேல் அடுத்த தவணையைச் சின்னதாகக் காட்டும். நாலு மாதம் என்று போட்டிருந்தது. அத்தனை அடம்பிடித்த எழுத்தை நாலு மாதம் என் பொறுப்பில் விட்டுவிட்டு ஒரு நிரல் போகிறது. ஐம்பத்தாறு வயதில் அப்படி ஒரு நம்பிக்கையை யாராவது நம் மேல் வைத்தால் கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது. கீழடிக்கு மறுபடி போனேனா? போனேன். ஆதனை வாசித்தேன். பக்கத்தில் கைதட்ட யாரும் இல்லை, பரவாயில்லை.

இந்த மாதம் பத்தே பத்து அட்டை செய்து பாருங்கள். தேர்வுப் பாடமாக இருக்கட்டும், பேத்தி படிக்கும் இந்தி எழுத்தாக இருக்கட்டும், தெருவில் உள்ள மரங்களின் பெயராக இருக்கட்டும். எதை அட்டை ஆக்கினீர்கள், எது மீண்டும் மீண்டும் திரும்பி வந்தது என்று எழுதுங்கள்.

விடைபெறும் முன், திண்ணை வாத்தியார் வேலை கொஞ்சம் நானும் பார்க்கிறேன். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களின் பட்டியலில் சில பெயர்கள் சுவடிகளில் உதிர்ந்துபோயிருந்தன. சாமிநாதையர் தேடி அலைந்து தருமபுர ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் கண்டெடுத்தார். ஏடே மறந்துபோன பெயர்கள். அவற்றில் ஒன்றை உங்களிடம் கொடுத்தனுப்புகிறேன்: மணிச்சிகை.

நாளை காலையில் ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு நாள் கழித்து ஒருமுறை. அடுத்த இதழில் இதே பக்கத்தில் நான் கேட்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்